ராஜகிரிப் படிகளும் பத்துப் புளியங்கொட்டைகளும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



செஞ்சிக் கோட்டையைப் பற்றிக் கேள்விப்படாதவர் நம்மில் எவரும் இருக்கமாட்டார்கள். 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரோடு தொடர்புடைய 12 கோட்டைகளை ஒரே தொகுப்பாக உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் 11 கோட்டைகள் மராட்டிய மாநிலத்தில் உள்ளன. மீதமுள்ள ஒன்றே ஒன்று நம் பக்கத்து மாவட்டமான விழுப்புரத்தில் இருக்கும் செஞ்சி. காலை வணக்கக் கூட்டத்தில் இச்செய்தி வாசிக்கப்பட்டபோது நாம் எல்லோரும் கை தட்டினோம் அல்லவா? நான் சற்று அதிகமாகவே தட்டினேன். என் அம்மாவைப் பெற்ற பாட்டி பிறந்த ஊர் செஞ்சிக்கு மேற்கே ஒரு சிற்றூர். அந்தக் கோட்டை எங்கள் வீட்டுச் சொத்து என்பதுபோல் எனக்கு ஒரு பெருமை!

பாட்டிக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. சிறு வயதில் ஆடு மேய்க்கப் போனாலும், நாற்று நடப் போனாலும் அவர் கண் முன்னே அந்த மலைதான் நின்றதாம். மழை வருமா வராதா என்பதைக்கூட மலையுச்சியைப் பார்த்துத்தான் ஊரில் சொல்வார்களாம். தேசிங்கு ராஜன் கதையை எங்களுக்குச் சொன்னவரும் பாட்டிதான். ஆர்க்காட்டு நவாபின் பெரும் படையை எதிர்த்து, சில நூறு வீரர்களுடன் போருக்குப் புறப்பட்ட அந்த இளைஞனையும், கல்யாணக் கோலத்தோடு போர்க்களத்துக்கு ஓடிவந்து உயிரைக் கொடுத்த அவன் முஸ்லிம் தோழனையும் பாட்டி வருணிக்கும்போது எங்கள் கண்களில் நீர் நிறைந்துவிடும். ஆனால் ஒரு நாள் நான், "பாட்டி, மலை உச்சியில் என்ன இருக்கிறது?" என்று கேட்டதற்கு, "யாருக்குடி தெரியும்? நான் ஏறினதே இல்லையே!" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலையைப் பார்த்துக்கொண்டே பதினாறு ஆண்டுகள் வளர்ந்தவர் ஒரு முறைகூட ஏறவில்லையா? "என் அண்ணனுங்க ஏறுவாங்க. நானும் வரேன்னு ஒரு நாள் கிளம்பினேன். பொம்பளப் பிள்ளைக்கு மலையில என்ன வேலைன்னு எங்கப்பா உட்காரவச்சிட்டார். அப்புறம் கல்யாணம் ஆயிடிச்சு, கடலூருக்கு வந்துட்டேன்" என்றார், ஏதோ பக்கத்து வீட்டுச் செய்தி சொல்வதுபோல.

அன்றே நான் முடிவு செய்துவிட்டேன், ராஜகிரியின் உச்சியை என் கண்ணால் பார்த்தே தீருவது என்று.

பொதுத்தேர்வு நெருங்கும் வேளையில் ஊர் சுற்றுவதாவது என்று அம்மா முதலில் மறுத்தார்கள். பொங்கலுக்கு அடுத்த வாரம் ஒரே ஒரு சனிக்கிழமை மட்டும் என்று அப்பா பேசி அனுமதி வாங்கித் தந்தார்கள். அப்பா, அம்மா, பாட்டி, நான், மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் தம்பி ஆகிய ஐவர் புறப்படுவதாக ஏற்பாடு. புறப்படும் நேரத்தில் ஆறாவது ஆளாகச் சேர்ந்தாள் என் மாமா பெண். அவளுக்கு ஐந்து வயது. அவளுடைய அம்மாவுக்கு, அதாவது என் அத்தைக்கு, அது நிறைமாதம். வீட்டில் ஒரு நாளாவது அத்தை ஓய்வாக இருக்கட்டும் என்று பாட்டிதான் சின்னவளையும் கூட்டிக்கொண்டார்கள். அத்தை வாசல்வரை வந்து, சின்னவளின் கையை எடுத்து என் கைக்குள் வைத்து, "மலையில இவ கையை விட்டுடாதே. உன்னை நம்பித்தான் அனுப்பறேன்" என்றார்கள். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் நிற்கும்போது என்னிடம் அதைச் சொன்னதில் எனக்கு உள்ளூரப் பெருமிதம்தான். அந்தச் சொல் அன்று மாலைக்குள் எவ்வளவு கனக்கப் போகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

விடியற்காலைப் பேருந்தில் விழுப்புரம் சென்று, அங்கிருந்து வேறு பேருந்தில் செஞ்சி சேர்ந்தோம். செஞ்சியை நெருங்க நெருங்க நிலத்தின் தோற்றமே மாறுகிறது. யாரோ ஓர் அரக்கன் கூடை கூடையாகப் பாறைகளை அள்ளிவந்து அங்கங்கே கொட்டிவிட்டுப் போனதுபோலக் குன்றுகள். உருண்டைப் பாறை ஒன்றின்மேல் ஒன்று, இப்போது விழுமோ இன்னும் சற்று நேரத்தில் விழுமோ என்று நிற்கின்றன. பாட்டி சன்னலோரம் உட்கார்ந்து, "அதோ ராஜா கோட்டை! இந்தப் பக்கம் ராணிக்கோட்டை!" என்று கூவியதில் பேருந்தில் இருந்த அனைவரும் திரும்பிப் பார்த்தார்கள். ராஜா கோட்டை என்பது ராஜகிரி. ராணிக்கோட்டை என்பது கிருஷ்ணகிரி. மூன்றாவது குன்று சந்திரகிரி. இம்மூன்று குன்றுகளையும் மதில்களால் இணைத்து, நடுவே முக்கோணமாக ஒரு நகரத்தையே வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். இன்று திருவண்ணாமலை செல்லும் சாலை அதன் ஊடேதான் போகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்கள் வரலாற்று ஆசிரியை கோபித்துக்கொள்வார்கள். கோனார் குலத்து ஆனந்தக்கோன் என்பவர் இங்கே முதன்முதலில் கோட்டை எழுப்பினார் என்று செவிவழிச் செய்தி கூறுகிறது. பின்னர் விஜயநகரப் பேரரசின்கீழ் நாயக்கர்கள் ஆண்டு, பெரும் மதில்களையும் மண்டபங்களையும் கோயில்களையும் கட்டினார்கள். அவர்களுக்குப்பின் பிஜப்பூர் சுல்தானின் வசமாயிற்று. 1677-இல் சத்ரபதி சிவாஜி இதைக் கைப்பற்றி மேலும் வலுப்படுத்தினார். அவருடைய மகன் இராஜாராம் மொகலாயப் படைக்குத் தப்பித் தெற்கே வந்து இக்கோட்டைக்குள் புகுந்துகொண்டபோது, ஔரங்கசீபின் தளபதி சுல்பிகர்கான் 1690-இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698-இல்! அப்போதும் இராஜாராம் தப்பிச் சென்றுவிட்டார். தேசிங்கு என்று நாம் அழைக்கும் தேஜ்சிங் போரில் மாண்டது 1714-இல். இத்தனை வலிய கோட்டையை 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் பிடித்தார்கள் என்பதுதான் வேடிக்கை. பிறகு 1761-இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. வெங்கடரமணர் கோயிலின் அழகிய தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றனவே, அவைதாம். நாம் சென்ற ஆண்டுச் சுற்றுலாவில் அவற்றில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டோம், நினைவிருக்கிறதா?

அடிவாரக் கோட்டைக்குள் நுழைந்ததும் கல்யாண மகால் கண்ணைக் கவர்கிறது. சதுரமான முற்றம், சுற்றிலும் அறைகள், நடுவே அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பும் கோபுரம். அதன் மேல்தளம்வரை மண்குழாய் வழியாகத் தண்ணீரை ஏற்றியிருக்கிறார்கள் என்றால் அக்காலத்து அறிவை என்னென்பது! நெற்களஞ்சியத்தின் சுவர் அகலத்தில் தம்பி நீட்டிப் படுத்து அளந்து பார்த்தான். யானைக்குளம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாவற்றையும் விரைவாகவே பார்த்தோம். வெயில் ஏறுமுன் மலையேறத் தொடங்கவேண்டும் என்று அப்பா அவசரப்படுத்தினார்கள்.

பாட்டிக்கு முழங்கால் வலி. அம்மா பாட்டியோடு மர நிழலில் இருந்துகொள்வதாகச் சொன்னார்கள். புல்தரையில் சேலைத் துண்டை விரித்து உட்கார்ந்த பாட்டி, மலையை அண்ணாந்து பார்த்தார். அறுபது ஆண்டுகளுக்குப்பின் இவ்வளவு அருகில் வந்தும் அவர் உட்காரத்தான் வேண்டியிருக்கிறதே என்று எனக்குத் தொண்டை அடைத்தது. அவரோ என் முகத்தைக் கவனிக்கவில்லை. "மேல போனதும் மேற்குப் பக்கம் திரும்பிப் பாரு. எங்க ஊர் ஏரி தெரியும். நீளமா இருக்கும், ஒரு முனையில வளைஞ்சிருக்கும், அரிவாள் மாதிரி. தண்ணி இருக்குதான்னு பார்த்துட்டு வந்து சொல்லு" என்றார். பிறகு இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தார். சின்னவளோடு பல்லாங்குழி ஆடுவதற்காகக் கொண்டுவந்திருந்த புளியங்கொட்டைகளில் பத்தை எண்ணி அவள் கையில் கொடுத்தார். "நூறு படி ஏறினா ஒரு கொட்டையை இந்தப் பையிலேர்ந்து அந்தப் பையில போடு. எத்தனை படின்னு வந்து எனக்குக் கணக்குச் சொல்லணும்." சின்னவளுக்கு நூறுவரைதான் எண்ணத் தெரியும். அது பாட்டிக்கும் தெரியும்.

ஏறத் தொடங்குமுன் அப்பா ஒரு சட்டம் போட்டார்கள். "சின்னவளின் வேகம்தான் எல்லோருடைய வேகமும். அவள் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது கிடையாது. இந்தப் படிகளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் காலடி தெரியாது." தம்பி முகத்தைச் சுளித்தான். நானும் மனத்துக்குள் கணக்குப் போட்டேன், இந்த வேகத்தில் உச்சி சேருவது எப்போது என்று.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றாது. ஆனால் மலை நெட்டுக்குத்தாக நிற்கிறது. படிகள் கருங்கல். ஒன்று அரை அடி என்றால் அடுத்தது ஒன்றரை அடி. எனக்குக் கணுக்காலைத் தாண்டும் படி, சின்னவளுக்கு முழங்காலைத் தாண்டியது. அவள் முதலில் கைகளை ஊன்றி, ஒரு காலை மேலே வைத்து, பிறகு 'உம்' என்று முக்கி மறு காலை இழுத்துக்கொள்வாள். ஒவ்வொரு படியும் அவளுக்கு ஒரு மலை! அதற்கிடையே எண்ணிக்கை வேறு. "நாற்பத்தெட்டு... நாற்பத்தொன்பது... அக்கா, அடுத்தது என்ன?" முதல் நூறு முடிந்ததும் ஒரு கொட்டை வலப்பையிலிருந்து இடப்பைக்குப் போயிற்று. பரிசு வாங்கியவள்போல எங்கள் மூவரையும் பார்த்துக் கொண்டாள்.

தோழியரே, ஐந்து வயதுக் குழந்தையோடு மலையேறுவது என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் மலை ஏறும்போது உச்சியைப் பார்க்கிறார்கள். குழந்தை படியைத்தான் பார்க்கிறது. படியில் ஊரும் கட்டெறும்பைப் பார்க்கிறது. கல்லில் உளி கொத்திய வரிசைப் புள்ளிகளைப் பார்த்து, "இது என்ன, கல்லுக்கு அம்மையா?" என்று கேட்கிறது. பாறையைப் பிளப்பதற்காக அக்காலத்தில் போட்ட குழிகள் அவை என்று அப்பா விளக்கினார்கள். அதன் பிறகு வழிநெடுக அம்மை கண்ட கற்களைக் கண்டுபிடிப்பதே அவள் வேலையாயிற்று. தம்பியும் அந்த ஆட்டத்தில் சேர்ந்துகொண்டான். எங்களுக்குப் பின்னால் ஏறத் தொடங்கிய கல்லூரி மாணவர் கூட்டம் ஒன்று சத்தமிட்டுக்கொண்டே எங்களைக் கடந்து போயிற்று. அவர்கள் கண்ணில் ஒரு புள்ளிகூடப் பட்டிருக்காது.

ஒவ்வொரு வாயிலிலும் நிழல் கிடைத்தது. அங்கெல்லாம் உட்கார்ந்தோம். ஒரே மூச்சில் குடிக்காமல் ஆளுக்கு இரண்டு மடக்குத் தண்ணீர் என்று அப்பா அளந்து கொடுத்தார்கள். வாயில்கள் நேருக்கு நேராக இல்லாமல் வளைந்து திரும்பி அமைந்திருக்கின்றன. யானையைக் கொண்டு கதவை மோத விடுவதானால் அது ஓடி வர இடம் வேண்டுமாம். திருப்பத்தில் ஓட முடியாது. படிகள் ஏற்றத்தாழ்வாக இருப்பதாலும் ஆயுதத்தோடு ஏறிவரும் எதிரிக்கு மூச்சு வாங்கும். அப்பா இதைச் சொல்லி முடித்ததும் சின்னவள் கேட்டாளே ஒரு கேள்வி! "அப்போ ராஜா வீட்டுப் பாப்பா எப்படி மாமா ஏறும்?"

அப்பா என்னைப் பார்த்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். எத்தனை முற்றுகை, எத்தனை தளபதிகள், எத்தனை ஆண்டுகள் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த எனக்கு அந்தப் பாப்பாவைப் பற்றி நினைக்கவே தோன்றியதில்லை. பள்ளி திறந்ததும் வரலாற்று ஆசிரியையிடம் கேட்டு, நூலகத்தில் தேடிப் பார்த்தேன். பாப்பா இருந்திருக்கிறது! முற்றுகை நடந்துகொண்டிருந்த 1696-ஆம் ஆண்டில்தான் இராஜாராமுக்கும் அவர் மனைவி தாராபாய்க்கும் ஒரு மகன் பிறந்தான். தாத்தாவின் பெயரையே வைத்துச் சிவாஜி என்று அழைத்தார்கள். 1700-இல் இராஜாராம் இறந்தபோது அவனுக்கு நான்கு வயது. சின்னவளைவிட ஒரு வயது குறைவு. அவனை அரியணையில் அமர்த்திவிட்டுத் தாராபாய் தாமே படைகளை நடத்தி ஔரங்கசீபை எதிர்த்து நின்றார். அந்தச் செய்தியைப் படித்தபோது என் கண்முன் வந்தது ஒரு படியின்மேல் கை ஊன்றி 'உம்' என்று முக்கும் சிறு உருவம்தான்.

மூன்றாவது கொட்டை பை மாறிய சற்று நேரத்தில் குரங்குகள் வந்துவிட்டன. ஒரு தடித்த ஆண்குரங்கு மதிலிலிருந்து இறங்கி, யாருடைய பையில் என்ன இருக்கிறது என்று சுங்க அதிகாரிபோல் பார்வையிட்டது. முன்னால் போனவர்களின் பிஸ்கட் பொட்டலம் ஒரு நொடியில் பறிபோயிற்று. நாங்கள் தின்பண்டம் எதையும் கையில் எடுக்காமல், கும்பலாக, மெதுவாக நடந்தோம். சின்னவள் என் பாவாடையை இறுகப் பிடித்துக்கொண்டாள். குரங்குகளைக் கடந்த பின் எண்ணிக்கை எங்கே விட்டது என்று யாருக்கும் நினைவில்லை. "மறுபடியும் கீழே போய் ஒன்னுலேர்ந்து எண்ணலாமா?" என்று அவள் கேட்டபோது தம்பி அழாத குறை. கடைசியில் தோராயமாக ஒரு கொட்டையை மாற்றிப் போட ஒப்புக்கொண்டாள்.

வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில். அதையும் கடந்து போகப்போகக் காற்று பலமாக வீசியது. வெயில் ஏறிவிட்டது. சின்னவளின் முகம் செம்பருத்தியாய்ச் சிவந்திருந்தது. ஆனாலும் அழவில்லை. எண்ணுவது மட்டும் நின்றுபோயிருந்தது. நான் பத்துப் படி எண்ணுவேன், அவள் பத்துப் படி எண்ணுவாள் என்று முறை வைத்துக்கொண்டோம். ஆறு கொட்டைகள் மாறின. ஏழாவதும் மாறிற்று.

அப்புறம்தான் அந்தப் பாலம் வந்தது.

உச்சிக் கோட்டைக்குப் போகும் வழியில் மலையே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அந்தப் பிளவு ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உடையது. முற்காலத்தில் அதன்மேல் மரப்பாலம் இருந்ததாம். எதிரி வந்தால் இழுத்துக்கொள்வார்கள். அதன்பின் பறவையாக இருந்தால்தான் உள்ளே போகலாம். இப்போது நிலையான பாலம் இருக்கிறது. அதைக் கடந்தால் வாயில், அப்பால் உச்சி. நான் எத்தனையோ இரவு கனவில் பார்த்த இடம் இதோ, இருபதடி தூரத்தில்!

சின்னவள் பாலத்தருகில் வந்தாள். குனிந்து கீழே பார்த்தாள். உடனே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரலை."

அப்பா குந்தி உட்கார்ந்து மெல்லப் பேசிப் பார்த்தார்கள். தம்பி பாலத்தில் இருமுறை போய்வந்து காட்டினான். நான் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள். பிடிவாதக் குழந்தையின் முகம் வேறு, பயந்த குழந்தையின் முகம் வேறு. அது பயந்த முகம். உதடு வெளுத்து, கை சில்லிட்டிருந்தது.

அப்பா எழுந்து நின்று, "சரி, நான் இவளோடு இருக்கிறேன். நீ தம்பியை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வா. நீதானே இத்தனை நாளாக ஆசைப்பட்டாய்" என்றார்கள். சட்டப்படி எல்லோரும் நின்றிருக்க வேண்டும். எனக்காகவே அப்பா தம் சட்டத்தைத் தளர்த்தினார்கள். நான் ஓர் அடி எடுத்துவைத்தேன். பாவாடை பின்னால் இழுத்தது. சின்னவள் இரு கையாலும் பிடித்திருந்தாள். "அக்கா போகக்கூடாது. அம்மா உன் கையைத்தான் பிடிச்சுக்கச் சொன்னாங்க."

அவள் விரல்களைப் பிரிப்பது ஒன்றும் கடினமில்லை. ஐந்து வயது விரல்கள். பிரித்துவிட்டு ஓடினால் கால் மணி நேரத்தில் திரும்பிவிடலாம். அப்பா பக்கத்திலேயே இருப்பார்கள், அழுகை சற்று நேரத்தில் ஓய்ந்துவிடும். பாட்டியின் ஏரியைப் பார்க்க வேண்டாமா? பாட்டிக்கு நான் என்ன பதில் சொல்வேன்? பொதுத்தேர்வு முடிந்து மேல்வகுப்பு என்று ஆகிவிட்டால் இன்னொரு முறை யார் அழைத்து வருவார்கள்? இவ்வளவும் அந்த ஒரு நிமிடத்தில் என் மனத்தில் ஓடின. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு, "அப்பா, நீங்கள் தம்பியோடு போங்கள். நான் இருக்கிறேன்" என்றேன். அப்பா என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார்கள். பிறகு, அங்கே நிழலில் இளைப்பாறிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துப் பெரியம்மாவிடம் எங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தம்பியுடன் பாலத்தைக் கடந்தார்கள்.

பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். சின்னவள் என் மடியில் தலை வைத்தாள். ஐந்து நிமிடத்தில் தூங்கியே போனாள். அப்போதுதான் கவனித்தேன். அவள் உள்ளங்கைகள் இரண்டும் கல்லில் ஊன்றி ஊன்றிச் சிவந்து, ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லையே இந்தக் குழந்தை! தண்ணீரில் கைக்குட்டையை நனைத்து ஒற்றினேன். பிளவிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. ஏதோ ஒரு பறவை ஆழத்தில், எங்கள் காலடிக்கும் கீழே பறந்து போயிற்று. முதுகைப் பார்த்துக்கொண்டு பறவையைக் காண்பது எனக்கு அதுதான் முதல் தடவை. அந்த இடத்திலிருந்து ஒரு பக்கச் சமவெளி தெரிந்தது. பச்சைக் கட்டங்களாக வயல்கள், நடுவே கோடு கிழித்தாற்போல் சாலை, பொம்மைப் பேருந்து. ஆனால் அது மேற்கு அல்ல. மேற்கை மலை மறைத்திருந்தது.

பெரியம்மா எங்களுக்கு ஆரஞ்சுச் சுளை கொடுத்தார்கள். "உன் தங்கச்சியா?" என்றார்கள். "ஆமாம்" என்றேன்.

அரைமணி கழித்துத் தம்பி மூச்சிரைக்க ஓடிவந்தான். உச்சியில் ரங்கநாதர் கோயில் இருக்கிறது, மணிக்கூண்டு இருக்கிறது, பெரிய பீரங்கி இருக்கிறது, அதன்மேல் அவன் ஏறப்போனபோது அப்பா திட்டினார்கள், காற்று ஆளையே தள்ளுகிறது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான்.

"ஏரி? மேற்குப் பக்கம் பார்த்தாயா?"

"பார்த்தேனே! ஒன்னு இல்லைக்கா, ஏழெட்டு ஏரி இருக்கு. எல்லாம் நீளமாத்தான் இருக்கு."

"வளைந்தது எது?"

"எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் வளைஞ்சிருக்கு."

எனக்கு அவனை அந்தப் பிளவுக்குள் தள்ளிவிடலாமா என்று இருந்தது. அப்பா சிரித்துக்கொண்டே, "எல்லா ஏரியிலும் தண்ணீர் இருக்கிறதம்மா. அதை நிச்சயமாகப் பாட்டியிடம் சொல்லலாம்" என்றார்கள்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். முழங்கால் நடுங்குகிறது. கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது. சின்னவள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து சறுக்கி இறங்கினாள். பாவாடையின் பின்பக்கம் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். நான் எப்போதும் அவளுக்கு ஒரு படி கீழேயே இறங்கினேன், தவறினால் என்மேல் விழட்டும் என்று. அப்பா தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். காலையில் எங்களைக் கடந்து போன கல்லூரி மாணவர்களில் ஒருவர் கணுக்கால் பிசகி, இருவர் தோளில் சாய்ந்து நொண்டிக்கொண்டு இறங்கினார். இப்போது நாங்கள் அவர்களைக் கடந்தோம். சின்னவள் உட்கார்ந்தபடியே அவரிடம், "இப்படி வாங்கண்ணா, விழமாட்டீங்க" என்று சொல்லிக்கொடுத்தாள்.

மர நிழலில் பாட்டி கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா கண்ணயர்ந்திருந்தார்கள். பாட்டி தூங்கவில்லை. நாங்கள் இறங்கி வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் என்ன சொல்வது என்று தயங்கி நிற்கும்போதே தம்பி ஏழெட்டு ஏரிக் கதையை அவிழ்த்துவிட்டான். பாட்டி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "தண்ணி இருக்குதில்ல? அது போதும்டா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ ஏண்டி ஒன்னும் பேச மாட்டேங்கிறே?" என்றார்.

"நான் உச்சிக்குப் போகவில்லை பாட்டி. பாலத்தோடு நின்றுவிட்டேன்."

அப்பா நடந்ததைச் சொன்னார்கள். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. சின்னவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்து, ஊதிவிட்டார். சின்னவள் வலியை மறந்து, இடப்பையிலிருந்து புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாட்டியின் முந்தானையில் வைத்தாள். ஏழு. வலப்பையில் மீதி மூன்று.

"ஏழு நூறு பாட்டி. நடுவுல குரங்கு வந்துடிச்சு."

"இந்த மூணு?"

"அது பாலத்துக்கு அந்தப் பக்கம்."

பாட்டி அந்த ஏழை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டார். மூன்றை எடுத்து என் கையில் வைத்து என் விரல்களை மடக்கினார். அவர் கை கல்போலக் கெட்டியாக இருந்தது. அதற்குள் அப்பா ஆட்டோவை அழைத்து வந்துவிட்டார்கள். ஐந்து மணிப் பேருந்தைப் பிடித்தால்தான் இருட்டுவதற்குள் விழுப்புரம் சேரலாம் என்று எல்லோரையும் அவசரப்படுத்தினார்கள்.

அந்த வாரக் கடைசியில் அத்தைக்குப் பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனைத் தொட்டிலை எட்டிப் பார்த்த சின்னவள், பாப்பாவின் காலைத் தொட்டு அளந்துவிட்டு, "இது எத்தனை வருஷம் கழிச்சுப் படி ஏறும் அக்கா?" என்று கேட்டாள். மூன்று புளியங்கொட்டைகளும் என் கணிதப் பெட்டிக்குள் இருக்கின்றன.